எட்டயபுரத்து அரண்மனையைப் பார்த்தவர்கள்: கரிசல் இலக்கியமும் ஆப்பிரிக்க வாசிப்பும்

1958ஆம் ஆண்டில் லண்டன் ஹைன்மன் பதிப்பகம், நைஜீரிய வானொலியில் வேலைபார்த்த சினுவா ஆச்செபி என்ற இளைஞரின் முதல் நாவலை வெளியிட்டது. என். கே. மகாலிங்கம் பிற்காலத்தில் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்த நாவல் அது. அதே 1958இல், விஜயபாஸ்கரன் நடத்திய 'சரஸ்வதி' இதழில் இடைசெவல் சம்சாரி ஒருவர் எழுதிய 'மாயமான்' என்ற சிறுகதை வந்தது. எழுதியவர் கி. ராஜநாராயணன். இவர் பெயரை அவரோ அவர் பெயரை இவரோ அப்போது கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனால் இருவரும் தங்கள் மண்ணில் செய்த காரியம் ஒன்றுதான். ஊர்ச்சாவடிப் பேச்சு, சொலவடை, விதைப்பு, சாமி, சாவு எல்லாவற்றையும் ஊர்க்காரர் பேசும் ஓட்டத்திலேயே அச்சுக்குக் கொண்டுவந்தார்கள்.

பிறகு நடந்ததும் ஒத்துப்போகிறது. 1962இல் ஹைன்மன் 'ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை' என்ற நூல்வரிசையைத் தொடங்கியது. அதன் முதல் புத்தகம் ஆச்செபியுடைய அந்த நாவல்தான். அடுத்த பத்தாண்டுகள் அந்த வரிசைக்கு ஆலோசக ஆசிரியராக இருந்தவரும் ஆச்செபியே. இங்கே கி.ரா. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். 1984இல் தன் வட்டாரத்து எழுத்தாளர்களின் கதைகளைத் திரட்டி 'கரிசல் கதைகள்' தொகுப்பை வெளியிட்டார். முன்னத்தி ஏர் என்று அவரை இந்தப் பக்கத்து எழுத்தாளர்கள் சொல்வது இதற்காகத்தான். ஒரு பெயர் பிறந்தது. அந்தப் பெயருக்கு அடியில் ஒரு கூட்டம் திரண்டது.

அந்தப் பெயர் நமக்கு எதைக் காட்டியது, எதை மறைத்தது என்பதே என் கேள்வி. 'ஆப்பிரிக்க இலக்கியம்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். 54 நாடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள். அரபியில் எழுதிய சூடானின் தாயிப் சாலிஹும், பிரெஞ்சில் எழுதிய செனகலின் மரியமா பாவும், போர்த்துகீசியத்தில் எழுதும் மொசாம்பிக்கின் மியா கூட்டோவும் ஒரே அலமாரியில் அடுக்கப்படுகிறார்கள். 2021ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நோபல் பரிசு சான்சிபாரில் பிறந்த அப்துல்ரசாக் குர்னாவுக்கு. புக்கர் தென்னாப்பிரிக்காவின் டேமன் கால்கட்டுக்கு. பிரான்சின் கோன்கூர் செனகலின் முகம்மது முபுகர் சாருக்கு. போர்த்துகீசிய உலகின் கமோயிஷ் விருது மொசாம்பிக்கின் பவுலினா சிசியானேவுக்கு. நான்கு பேரையும் அடுத்தடுத்து வாசிப்பவர் நான்கு வேறு உலகங்களுக்குள் போய்வருவார். இந்தியப் பெருங்கடல் வணிகத் துறைமுகத்தில் வளர்ந்த குர்னாவுக்கு, கால்கட்டின் வெள்ளையர் பண்ணை வீட்டைவிட நம் காயல்பட்டினமும் கீழக்கரையும் பக்கம்.

கரிசலுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. கரிசல் இலக்கியம் என்றதும் வெயில், வறட்சி, வெள்ளந்தி மனிதர், வட்டார வழக்கு என்று ஒரு சட்டகம் மனதில் வந்து நின்றுவிடுகிறது. அந்தச் சட்டகத்தை உடைக்க எட்டயபுரத்தைவிட நல்ல இடம் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே போனால் எட்டயபுரம், அதற்கும் கிழக்கே விளாத்திகுளம். வடகிழக்குப் பருவமழையை நம்பியே வெள்ளாமை. மழை பெய்தால் காலில் அப்பிக்கொண்டு விடாத மண், கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும். கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி, மிளகாய், பருத்தி. பருத்திக்குப் பேர்போன மண் என்பதால்தான் 1901இலேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை வைத்து நொடித்துப் போனதும் இந்தப் பருத்தியை நம்பித்தான். ஒரு மகாகவியின் வறுமைக்கு வெள்ளைக்காரனின் நூல் வியாபாரம் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

எட்டயபுரத்து அரண்மனை ஒன்றுதான். ஆனால் எழுத்தில் அது எத்தனை அரண்மனையாக இருக்கிறது என்று பாருங்கள். அவைப்புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்ற உமறுப்புலவர் இந்த ஊரிலிருந்து சீறாப்புராணத்தைப் பாடினார். நபியின் வரலாற்றைக் கம்பன் வழிவந்த காப்பிய நடையில், தமிழ்நிலத்தின் ஆறும் வயலும் அரபு மண்ணில் விரியும்படி பாடிய காவியம் அது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் தீபாவளி நாளன்று இங்கேதான் காலமானார். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூல் 1904இல் எட்டயபுரம் சமஸ்தான அச்சகத்திலேயே தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. இதெல்லாம் அரண்மனையைப் புரவலராகப் பார்க்கிற வரலாறு.

பாரதி பார்த்தது வேறு. 'பாரதி' என்ற பட்டத்தையே அவருக்குத் தந்த அவை அது. அங்கே வேலையும் பார்த்திருக்கிறார். ஆனால் புதுச்சேரியில் இருந்த காலத்தில் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட 'சின்னச் சங்கரன் கதை'யில் கவுண்டனூர் ஜமீன் என்று பெயரை மாற்றி, சோம்பலும் முகத்துதியும் மலிந்த ஜமீன் வாழ்வைத் தோலுரித்துக் காட்டினார். கரிசல் உரைநடையின் தலைமுறைக் கணக்கை இந்தக் கதையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. கவிதைகளுக்கு முன்னால் அவருடைய உரைநடை இன்னும் நியாயமான இடத்தைப் பெறவில்லை.

அதே அரண்மனை பூமணியின் 'அஞ்ஞாடி'யில் (2012) அதிகாரத்தின் இடமாக வருகிறது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் அந்த நாவலின் வேர், பள்ளர் குலத்து ஆண்டியும் வண்ணார் குலத்து மாரியும் சிறுவயதில் கொண்ட சிநேகத்தில் இருக்கிறது. அதிலிருந்து கிளைவிட்டு 1895ஆம் ஆண்டுக் கழுகுமலைக் கலவரத்துக்கும் 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கொள்ளைக்கும் போகிறது. கழுகுமலைக் கோயிலும் தேரோடும் வீதியும் எட்டயபுரம் ஜமீன் கையில் இருந்தவை. அந்த வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு உயிர்ப்பலியில் முடிந்தது. சங்கீதம் வளர்த்த கை யாருடைய வழியை மறித்தது என்பதை அரண்மனை வரலாறு எழுதுகிறவர்கள் கேட்பதில்லை, பூமணி கேட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் ஜமீன் என்றால் கொடுமை என்று தீர்ப்பெழுதி எழுந்துவிடலாம். சோ. தர்மன் விடமாட்டார். அவருடைய 'சூல்' (2016) எட்டயபுரத்துக்கு உட்பட்ட உருளைக்குடிக் கண்மாயின் கதை. மன்னர் உத்தரவில் ஊரே திரண்டு கண்மாயைத் தூரெடுக்கிறது. கரையில் மரம் வைப்பது, மடையைத் திறப்பது, மறுகால் போவது எல்லாவற்றுக்கும் ஆளும் முறையும் இருக்கின்றன. நீர்ப்பாய்ச்சி என்ற ஒரு மனிதன் கையில் ஊரின் சோறு இருக்கிறது. நாடு விடுதலை அடைந்த பிறகுதான் கண்மாய் யாருக்கும் சொந்தமில்லாமல் நாசமாகிறது. மன்னராட்சியைப் புகழும் நாவல் என்று இதைச் சிலர் சட்டென ஒதுக்கினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கண்மாய்க்குள் கை வைத்து வேலை செய்தவர்களின் அறிவு எங்கே மதிக்கப்பட்டது, எங்கே தூக்கி எறியப்பட்டது என்று கணக்குப் பார்க்கிற நாவல் இது. அந்தக் கணக்கில் அரண்மனைக்கு வரவும் உண்டு. பூமணி வைத்த பற்றை தர்மன் அழிக்கவுமில்லை. இரண்டு நாவலையும் பக்கத்தில் வைத்து வாசிப்பவருக்குத்தான் எட்டயபுரம் முழுதாகத் தெரியும்.

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009இல் ஆற்றிய உரையில் 'ஒற்றைக் கதை'யின் ஆபத்தைப் பற்றிப் பேசினார். ஒரு மக்களைப் பற்றி ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அந்த மக்கள் அதுவாகவே ஆகிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். வெளியார் எழுதிய ஆப்பிரிக்காவைப் பற்றியே அவர் முதலில் கவலைப்பட்டார். நம் மண்ணிலோ, உள்ளூர்க்காரர்களே நான்கைந்து கதைகளை எழுதிவைத்திருந்தும், வாசகர்களாகிய நாம் அவற்றை ஒற்றைக் கதையாகச் சுருக்கிவிட்டோம்.

இடைசெவலையே எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலிச் சாலையில் இருக்கும் சின்ன ஊர். 1922இல் கி.ரா., 1923இல் கு. அழகிரிசாமி என்று இருவர் அங்கே பிறந்தார்கள். இருவர் வீட்டிலும் தெலுங்கு. இருவரும் விளாத்திகுளம் சுவாமிகளின் சங்கீதத்தில் மயங்கியவர்கள். இவ்வளவு இருந்தும் கதை என்று வந்தால் இவர் வேறு, அவர் வேறு.

கி.ரா.வின் 'கதவு' கதையில் பிள்ளைகள் வீட்டுக் கதவில் ஏறி பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஒருநாள் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறான். வாடைக்காலம். கதவில்லாத வீட்டில் கைக்குழந்தை குளிரில் செத்துப்போகிறது. பிறகொரு நாள் சாவடிக்குப் பின்னால் மண்ணும் கரையானும் ஏறிக் கிடக்கும் தங்கள் கதவைக் கண்டுபிடித்து, பிள்ளைகள் அதைத் துடைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். சர்க்காரைப் பற்றி ஒரு வரி வசையும் கிடையாது. கதவைக் கட்டிக்கொண்ட அந்தச் சின்னக் கைகளே போதும்.

அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையும் பிள்ளைகளின் கதைதான். தீபாவளிக்கு முந்தின இரவு சொறியும் சிரங்குமாக ஓர் அநாதைப் பையன் ஏழைத் தாயம்மாளின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். பெயர் ராஜா. அவள் அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். புருஷனுக்கென்று வைத்திருந்த புதுத்துண்டை அவனுக்கு உடுத்துகிறாள். மறுநாள் பணக்கார வீட்டுப் பையன், தங்கள் வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை ராஜா வந்திருக்கிறார் என்று பெருமை பேச, தாயம்மாளின் மகள் மங்கம்மாள் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள். ஜமீன்கள் நிறைந்த இந்த மண்ணில் அந்தச் சிறுமியின் பதில் எவ்வளவு பெரிய காரியம் என்பது வெளியூர் வாசகருக்கு உடனே பிடிபடாது. கி.ரா. ஊரையே கூட்டிவைத்துக் கதை சொல்லும் குரல். அழகிரிசாமி ஒரு மனசின் ஓரத்தில் நின்று சத்தமில்லாமல் பார்ப்பவர். பிழைப்புக்காகச் சென்னையிலும் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' நாளிதழிலும் வேலைபார்த்தார், 1970இல் மறைந்தார். 'அன்பளிப்பு' தொகுதிக்கான சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பின்னரே அறிவிக்கப்பட்டது.

கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' (1976) தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் காட்டை எரித்துக் கழனியாக்கிய கதை. ஊரின் மூத்த பாட்டி மங்கத்தாயாரு அம்மாள் சொல்லச் சொல்ல விரிகிறது. இங்கிலாந்து ராணியின் ஆட்சி ஊருக்குள் நுழையும் இடத்தில் முடிகிறது. ஆச்செபியின் நாவலும் வெள்ளை அதிகாரி வந்து சேர்ந்த இடத்தில்தான் முடியும். இந்த ஒற்றுமையைப் பலர் எளிதாகக் காண முடியும். நான் இன்னொன்றைக் கவனிக்கச் சொல்வேன். தென்னாப்பிரிக்க நாவலாசிரியர் ஜே. எம். கூட்ஸி 1988இல் எழுதிய ஆய்வுநூலொன்றில், அங்கே குடியேறியவர்களின் எழுத்தில் நிலம் எப்போதும் ஆளில்லாத வெறுமையாகவே வருவதை எடுத்துக்காட்டினார். கோபல்லத்துக்கு வந்தவர்கள் உயிருக்குப் பயந்து ஓடிவந்த அகதிகள்; பீரங்கியோடு வந்தவர்கள் அல்லர். அவர்களையும் இவர்களையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஆனாலும் ஆளில்லாக் காடு என்ற அந்த நினைவு குடியேறியவர்களின் நினைவு. அந்தக் காட்டோரத்தில் முன்பே குடியிருந்தவர் யார், பிறகு அந்தக் கழனியில் கூலிக்கு நின்றவர் யார் என்ற பக்கத்தைக் கோபல்லம் எழுதவில்லை. அதை எழுதப் பக்கத்துத் தெருவிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருந்தது.

வந்தார்கள். ஆண்டிப்பட்டியில் 1947இல் பிறந்த பூமணி 1979இல் 'பிறகு' நாவலை வெளியிட்டார். மணலூத்து ஊரில் செருப்புத் தைக்கவும் கமலைத் தோல் தைக்கவும் குடியமர்த்தப்பட்ட அழகிரி பகடையின் வாழ்க்கை அது. சம்சாரியின் கிணற்றில் கமலை ஓடாமல் வெள்ளாமை இல்லை. அழகிரியின் கை படாமல் கமலை இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது. 1982இல் வந்த 'வெக்கை' இன்னும் இறுக்கமானது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடும் பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவனுடைய அய்யாவும் கரட்டிலும் ஓடையிலும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருவரும் பேசிக்கொள்வதிலேயே நாவல் நகர்கிறது. சாதிப் பெயரை நாவல் உரக்கச் சொல்வதில்லை. வெற்றிமாறன் 2019இல் 'அசுரன்' என்று படமாக்கியபோது அந்த மௌனம் கலைந்தது. அது படத்தின் தேவையாக இருக்கலாம். நாவலின் பலம் என்னவோ அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

தர்மனின் முதல் நாவல் 'தூர்வை' (1996) தலித் வாழ்வைப் பற்றி நிலவிய இன்னொரு வார்ப்பை உடைத்தது. சொந்தமாக நிலமும் மாடும் வைத்து, கேலியும் கிண்டலுமாக, தலை நிமிர்ந்து வாழும் பள்ளர் குடும்பங்கள் அதில் வருகின்றன. துயரம் மட்டுமே தலித் இலக்கியம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது குழப்பமாக இருந்தது. பூமணியும் சரி, தர்மனும் சரி, 'தலித் எழுத்தாளர்' என்ற பட்டத்தை ஏற்க மறுத்தவர்கள். ஜிம்பாப்வேயின் டம்புட்சோ மரெச்செராவும் 'ஆப்பிரிக்க எழுத்தாளர்' என்ற பட்டத்தைக் கடுமையாக உதறியவர்தான். பெயரை உதறுவதும் அந்த இலக்கியத்தின் ஒரு குரல். ஒடுக்கப்பட்டவர்களின் திரட்சிக்கு அந்தப் பெயர் தந்த வலுவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எழுதுபவரின் மறுப்பையும் காதில் வாங்க வேண்டும்.

மொழித் தகராறு இரண்டு இடத்திலும் நடந்தது. 1962இல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் மாநாடு கூடியது. ஆங்கிலத்தில் சில கதைகளே எழுதியிருந்த மாணவரான கூகி வா தியாங்கோவுக்கு அதில் இடம் கிடைத்தது. சுவாகிலியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கு இடமில்லை. இதைக் கூகியே பின்னால் வருத்தத்தோடு எழுதினார். கிக்கூயூ மொழியில் நாடகம் போட்டதற்காகக் கைதாகி, 1978இல் சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் தாய்மொழியிலேயே அவர் எழுதிய நாவல், 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழிலும் வந்திருக்கிறது. கி.ரா.வின் வழி வேறு. வீட்டுத் தெலுங்கை விட்டுத் தமிழில் எழுதினார். ஆனால் பண்டிதத் தமிழை ஏற்கவில்லை. பேச்சுத்தமிழை எழுதுவதா என்று முகம் சுளித்தவர்களுக்கு அகராதியையே பதிலாகத் தந்தார். பள்ளிக் கல்வியைத் தாண்டாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது.

ஏரும் கமலையும் மட்டும் கரிசல் இல்லை, தீப்பெட்டியும் உண்டு. வானம் பார்த்த பூமி கைவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்கு ஓடிய காலம் இங்கே வெகுகாலம் நீடித்தது. அதையே பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று படமாக எடுத்தார். ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையின் பெண்ணும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள்தான். அந்தக் கதை 2008இல் 'பூ' என்ற படமானது. தமிழ்ச்செல்வனின் தம்பி கோணங்கி 'மதினிமார்கள் கதை'யில் தொடங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் விலகி, கதை என்ற வடிவத்தையே கலைத்துப் போட்டார். அவர் நடத்திய 'கல்குதிரை' தாஸ்தாயெவ்ஸ்கிக்கும் மார்க்வெஸுக்கும் சிறப்பிதழ் போட்டது கோவில்பட்டியிலிருந்துதான். அதே ஊரின் தேவதச்சன் எழுதும் கவிதையில் வட்டார வழக்கைத் தேடினால் கிடைக்காது. அவரைக் கரிசல் கவிஞர் என்று சொல்ல எவரும் துணியவில்லை. ஆனால் அவரும் இந்த மண்ணுக்காரர்தான். விளாத்திகுளம் பக்கத்து பா. செயப்பிரகாசம் 'ஒரு ஜெருசலேம்' தொகுதியில் பஞ்சத்தையும் பசியையும் கவிதை தோய்ந்த மொழியில் எழுதினார். எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' இதே நிலத்தின் நாதஸ்வரக் கலைஞர்கள் படும் அவமானத்தைச் சொன்னது.

ஆப்பிரிக்காவை நாம் சும்மா உவமைக்காக இழுக்கவில்லை. 1982இல் இந்திரன் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' என்று ஆப்பிரிக்கக் கவிதைகளைத் தமிழில் தந்தார். பின்னால் எழுந்த தமிழ் தலித் எழுத்துக்கு அந்தத் தொகுப்பு ஊட்டமாக இருந்ததைப் பலரும் பதிவுசெய்திருக்கிறார்கள். கறுப்பு என்பதைப் பெருமையாகச் சொல்ல முடியும் என்ற தெம்பு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

ஆனால் ஓரிடத்தில் ஆப்பிரிக்கா நம்மை வெட்கப்பட வைக்கிறது. கானாவின் அமா அட்டா அய்டூ 1960களிலேயே நாடகத்தோடு வந்துவிட்டார். மரியமா பாவின் நாவல் 1979இல் வந்தது: புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு, விதவையாகிவிட்ட ஒருத்தி சிநேகிதிக்கு எழுதும் நீண்ட கடிதம். கரிசலிலோ அழகிரிசாமி முதல் தர்மன் வரை அகாதெமி விருது பெற்றவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இந்த மண்ணின் கதைகளில் பாதிக்கு மேல் பெண்கள் வாயிலிருந்து வந்தவை. கி.ரா.வே சேகரித்த நாட்டுப்புறக் கதைகளில் எத்தனையோ களையெடுப்பிலும் பருத்தி எடுப்பிலும் பெண்கள் சொன்னவை. எழுத்தில் பாரததேவி போல ஓரிருவரே நாட்டுப்புறக் கதைகளையும் தங்கள் வாழ்க்கையையும் தாமே எழுதினார்கள். அவர்கள் பெயர் கரிசல் பற்றிய கட்டுரைகளில் கடைசிப் பத்தியில்தான் வருகிறது. இந்தக் கட்டுரையும் அதற்கு விலக்கில்லை. கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் அரசு நினைவரங்கம் எழுப்பியிருக்கிறது. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் 1947 முதல் நிற்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய தலைமுறைப் பெண்கள் இப்போது ஐம்பதும் அறுபதும் வயதாகி இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுகிற வேலையைக் கல்லூரித் தமிழ்த்துறைகள் இந்த ஆண்டே தொடங்கலாம்.